வருகிறார் என்று சொல்வது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

நம் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு மந்திரியோ பெரிய அதிகாரியோ வருகிறார் என்றால் அது நமக்கு எப்படித் தெரிய வருகிறது? முதலில் ரோடு சொல்லும். மூன்று மழைக்காலமாக வாய் பிளந்து கிடந்த பள்ளத்தில் ஜல்லி விழும். அடுத்து பிளீச்சிங் பவுடர் சொல்லும். தெருவோரம் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டால் அப்புறம் சந்தேகமே இல்லை. அதன் பிறகு டீக்கடை சொல்லும்: "பிளவக்கல் அணையைத் தெறக்க வாராராம், கூமாபட்டி வழியாத்தான் போறாராம்." இவ்வளவும் ஆன பிறகு, கடைசி ஆளாக, விருதுநகர் கலெக்டர் ஆபீஸிலிருந்து மக்கள் தொடர்பு அலுவலரின் செய்தி வெளியீடு வரும். ஊருக்கெல்லாம் தெரிந்ததை அரசாங்கம் கடைசியில் வந்து சொல்லும்.

இதைச் சொல்லி நாம் சிரிப்பது வழக்கம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் உண்டு. ரோடு பொய் சொன்னால் யாருக்கும் வேலை போகாது. டீக்கடை பொய் சொன்னால் அடுத்த டீயோடு மறந்துபோகும். "வருகிறார்" என்று அந்த ஒரு பக்க வெளியீட்டில் எழுதியவர் மட்டும், வராமல் போனால் பதில் சொல்லியாக வேண்டும். வருகிறவர் தன் வாயால் சொல்லாததை அவருக்காக இன்னொருவர் சொல்கிறார். அந்தச் சொல் சொன்னவருடையது அல்ல. இரவல் சொல்.

இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். சபை நடுவில் நகைக்குச் சொந்தக்காரர் வந்து "இதை உனக்கு யார் கொடுத்தது?" என்று கேட்டுவிட்டால் என்ன ஆகும்?

அப்படிச் சபை நடுவில் கேட்கப்பட்ட ஒரு கேள்வியால் இந்திய அரசின் மிக உயர்ந்த அதிகாரிகளில் ஒருவர் பதவியை விட்டுப் போன கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பாடப்புத்தகத்தில் இது வராது. முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியும், வகுப்பில் இதைச் சொல்ல எனக்கு இடம் கிடைத்ததில்லை.

அவர் பெயர் ஏ.பி. வெங்கடேஸ்வரன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். தந்தை ஏ.எஸ்.பி. ஐயர் ஐ.சி.எஸ். அதிகாரி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், ஆங்கிலத்தில் நிறைய எழுதியவர். மகன் வெளியுறவுப் பணிக்குப் போனார். சீனாவில் நம் தூதராக இருந்தார். 1986 ஏப்ரலில் வெளியுறவுச் செயலாளர் ஆனார். வெளியுறவு அமைச்சகத்தில் அமைச்சருக்கு அடுத்தபடியாக நிர்வாகத் தலைமை அந்த நாற்காலிதான். அப்போது பிரதமர் ராஜீவ் காந்தி. 1986 அக்டோபரிலிருந்து வெளியுறவு அமைச்சர் என்.டி. திவாரி.

பின்னணியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். சார்க் என்ற தெற்காசிய நாடுகளின் அமைப்பு 1985 டிசம்பரில் டாக்காவில் தொடங்கப்பட்டது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், பூடான், மாலத்தீவு என ஏழு நாடுகள். இரண்டாவது உச்சி மாநாடு 1986 நவம்பரில் பெங்களூருவில் நடந்தது. அதோடு தலைமை இந்தியாவுக்கு வந்தது. தலைமை ஏற்றவர் மற்ற உறுப்பு நாடுகளுக்கு ஒரு சுற்றுப் போய்வருவார் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஊர்த் தலைவர் ஆனவர் எல்லாத் தெருவுக்கும் ஒருமுறை போய்வருவது மாதிரிதான்.

1986 டிசம்பர் கடைசியில் வெங்கடேஸ்வரன் இஸ்லாமாபாத் போனார். பாகிஸ்தான் வெளியுறவுச் செயலாளருடன் பேச்சுவார்த்தை. அங்கே பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். சார்க் தலைவர் என்ற முறையில் பிரதமர் உறுப்பு நாடுகளுக்கெல்லாம் செல்வார், அதில் பாகிஸ்தானும் உண்டு என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். செய்தி பரவியது. டெல்லியிலோ, பாகிஸ்தான் போகும் திட்டம் இப்போது இல்லை என்று ராஜீவ் காந்தி சொல்லியிருந்தார்.

1987 ஜனவரி 20. டெல்லியில் பிரதமரின் பத்திரிகையாளர் சந்திப்பு. உள்நாட்டு, வெளிநாட்டு நிருபர்கள் நிறைந்த அரங்கம். அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். வெங்கடேஸ்வரனும் இருந்தார். பாகிஸ்தான் பத்திரிகையாளர் ஒருவர் எழுந்து, உங்கள் பயணம் பற்றி நீங்கள் சொல்வதும் உங்கள் வெளியுறவுச் செயலாளர் சொன்னதும் வேறு வேறாக இருக்கிறதே என்று கேட்டார். ராஜீவ் காந்தி விளக்கம் சொல்லவில்லை. கூடிய சீக்கிரம் நீங்கள் புதிய வெளியுறவுச் செயலாளரிடம் பேசுவீர்கள் என்றார்.

அவ்வளவுதான். ஒரே வாக்கியம். உலகப் பத்திரிகைகளின் முன்னால், ஒரு அதிகாரி தன் பதவி போனதை மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்டார். அன்றே ராஜினாமா கொடுத்தார். அந்த நாற்காலியில் அவர் பத்து மாதம்கூட முழுதாக இருக்கவில்லை. வெளியுறவுப் பணி அதிகாரிகள் சங்கம் கூடி, நடந்தவிதம் பற்றி வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. அரசு ஊழியர்கள் பிரதமரின் ஒரு சொல்லுக்கு எதிராகத் தீர்மானம் போடுவது எவ்வளவு அபூர்வம் என்று அரசு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

பாகிஸ்தான் பயணம் பற்றிய பேச்சு மட்டும்தான் காரணமா? இல்லை. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதும், வெங்கடேஸ்வரன் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் என்பதும் டெல்லியில் பலருக்கும் தெரிந்த விஷயங்கள். புகைச்சல் முன்பே இருந்தது. ஆனால் அது எரிந்தது ஒரு பயணத்தைப் பற்றி முன்கூட்டிச் சொன்ன சொல்லில். நம் பாடம் அதில் இருக்கிறது.

இரு தரப்பையும் நியாயமாகப் பார்க்க வேண்டும் அல்லவா? பிரதமர் பக்கம் முதலில்.

ஒரு நாட்டுத் தலைவரின் பயணத்துக்கு எப்போதும் இரண்டு சொந்தக்காரர்கள் உண்டு. அழைக்கிறவர் ஒருவர், போகிறவர் ஒருவர். தேதி, நிகழ்ச்சி, யார் யாரைச் சந்திப்பது, எந்த நேரத்தில் அறிவிப்பது, அறிவிப்பில் என்ன வார்த்தை, எல்லாம் இருவரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் வெளியே வர வேண்டும். இரண்டு தலைநகரங்களிலும் ஒரே நாளில் அறிவிப்பு வருவது அதனால்தான். ஒருவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் மற்றவரின் கை கட்டப்பட்டுவிடும். "வருவார்" என்று சொன்ன பிறகு போகவில்லை என்றால் அது வெறும் போகாமை இல்லை, மறுப்பு ஆகிவிடும். பெண் பார்க்க வருகிறோம் என்று தரகர் சொல்லிவிட்டால், மாப்பிள்ளை வீட்டார் வராமல் இருப்பது எப்படிப்பட்ட செய்தியாகுமோ அப்படி.

அதுவும் எந்த நேரத்தில்? ராஜஸ்தான் பாலைவனத்தில் நம் ராணுவம் 'பிராஸ்டேக்ஸ்' என்ற மிகப் பெரிய போர்ப் பயிற்சியை நடத்திக்கொண்டிருந்தது. 1986 நவம்பரில் தொடங்கியது. பாகிஸ்தான் பதிலுக்குத் தன் படைகளை நகர்த்தியது. 1987 ஜனவரி மூன்றாவது வாரத்தில் இரு நாட்டுப் படைகளும் எல்லையில் நெருக்கு நேராக நின்றன. அப்படிப்பட்ட வாரத்தில் பிரதமர் பாகிஸ்தான் போகிறாரா இல்லையா என்பது சுற்றுலா விவகாரம் இல்லை. தன் வாயால் சொல்ல வேண்டியதை வேறொருவர் சொல்லிவிட்டார் என்று பிரதமருக்குக் கோபம் வந்திருந்தால் அந்தக் கோபத்தில் அர்த்தம் உண்டு.

அதிகாரி பக்கமும் அர்த்தம் உண்டு. நிருபர் கேட்கிறார். சார்க் தலைவர் மற்ற நாடுகளுக்குப் போவாரா? போவார். பாகிஸ்தானும் உறுப்பு நாடுதானே? ஆமாம். அப்படியானால் பாகிஸ்தானுக்கு? இந்த இடத்தில் "இல்லை" என்றால் அன்றைய பேச்சுவார்த்தையே கெட்டுவிடும். பதில் சொல்லாமல் எழுந்து போனால் அதுவே மறுநாள் தலைப்புச் செய்தி. விருந்தாளியாகப் போன வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் வீட்டுக்கு எங்கள் பெரியவர் வர மாட்டார் என்று எப்படிச் சொல்வது? முறைப்படி எது நடக்குமோ அதை அவர் சொன்னார்.

இரு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றால் தவறு எங்கே? திருத்திய இடத்தில்தான் தவறு. செயலாளரை அறைக்குள் கூப்பிட்டுக் கண்டித்திருக்கலாம். மாற்றியும் இருக்கலாம்; அந்த அதிகாரம் பிரதமருக்கு உண்டு. மறுநாள் செய்தித் தொடர்பாளர் வழியாக, பயணம் பற்றி இன்னும் முடிவாகவில்லை என்று ஒரு வரி வெளியிட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சபை நடுவில் செய்ததால் அது தண்டனையாக மட்டும் நிற்கவில்லை, அவமானம் ஆனது.

விலை என்ன என்று பாருங்கள். போர் மூண்டுவிடுமோ என்று இரு நாடுகளும் பயந்துகொண்டிருந்த அதே வாரத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் தலைமை நாற்காலி காலியானது. பதற்றத்தைத் தணிக்க ஜனவரி 31 முதல் பிப்ரவரி 4 வரை டெல்லியில் பேச்சு நடந்தபோது, பாகிஸ்தான் தரப்பில் அந்நாட்டு வெளியுறவுச் செயலாளர் அப்துல் சத்தார் வந்தார். நம் தரப்பில் பேசியவர் ஆல்ஃபிரட் கொன்சால்வஸ், பொறுப்புச் செயலாளர். நல்லவேளை, பேச்சு வெற்றி பெற்றது. படைகள் படிப்படியாகப் பின்வாங்கின. அதே பிப்ரவரியில் பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் ஜெய்ப்பூரில் கிரிக்கெட் பார்க்க வந்துவிட்டுப் போனது பலருக்கு நினைவிருக்கும்.

அப்புறம் என்ன ஆனது? வரலாறு சில சமயம் மெதுவாகப் பதில் சொல்லும். சரியாக ஒரு வருடம் கழித்து, 1988 ஜனவரி 20 அன்று எல்லை காந்தி கான் அப்துல் கபார் கான் பெஷாவரில் மறைந்தார். அஞ்சலி செலுத்த ராஜீவ் காந்தி பெஷாவர் போனார். 1988 டிசம்பர் கடைசியில் சார்க் உச்சி மாநாடு இஸ்லாமாபாத்தில் நடந்தது. ராஜீவ் காந்தி அங்கேயும் போனார். அப்போது பாகிஸ்தானில் பெனசிர் பூட்டோ பிரதமர். ஒருவர் அணுசக்தி நிலையங்களை மற்றவர் தாக்கக் கூடாது என்ற ஒப்பந்தம் டிசம்பர் 31 அன்று கையெழுத்தானது. அதன்படி 1992 முதல் ஒவ்வொரு புத்தாண்டு நாளிலும் இரு நாடுகளும் தங்கள் அணுசக்தி நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. நடுவில் கார்கில் வந்தது, மும்பைத் தாக்குதல் வந்தது. பட்டியல் மாற்றம் நிற்கவில்லை. அந்த ஒப்பந்தத்தில் இந்தியா சார்பில் கையெழுத்துப் போட்டவர் வெளியுறவுச் செயலாளர் கே.பி.எஸ். மேனன். வெங்கடேஸ்வரனுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர்.

ஆக, பிரதமர் பாகிஸ்தான் போவார் என்று அந்த அதிகாரி சொன்னது நடந்தது. இரண்டு வருடம் தள்ளி நடந்தது. சொன்னவர் அப்போது பதவியில் இல்லை. வெங்கடேஸ்வரன் 2014 செப்டம்பரில் பெங்களூருவில் காலமானார். இரங்கல் குறிப்புகள் பலவும் அந்த ஜனவரி நாளைத்தான் முதலில் சொல்லின. ஒரு மனிதரின் முப்பது வருடத்துக்கும் மேலான பணி ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் மறைந்துபோனது.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். ஒரு சின்ன சம்பவம் மட்டும் சொல்கிறேன். ஒரு பள்ளிக்குப் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாக ஏற்பாடு. தலைமையாசிரியர் ரொம்ப நல்ல மனிதர். உள்ளூர்ப் பகுதி நேர நிருபர் வந்து கேட்டபோது, புதிதாக இரண்டு வகுப்பறை கட்ட அன்றைக்கு அறிவிப்பு வரும் என்று சொல்லிவிட்டார். அவராகக் கற்பனை செய்யவில்லை. அந்த அலுவலகத்திலேயே யாரோ காதில் போட்டதுதான். மறுநாள் பேப்பரில் நான்கு வரி வந்தது. விழா அன்று அந்த அதிகாரி மைக்கைப் பிடித்து, "வகுப்பறைன்னு யாருங்க சொன்னது?" என்று கேட்டார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் பின்னால் நின்றார்கள். தலைமையாசிரியர் மேடையில் எழுந்து நின்றார், உட்காரச் சொல்ல ஆள் இல்லை.

அதன் பிறகு அந்தப் பள்ளியில் என்ன மாறியது தெரியுமா? யாரும் நிருபரிடம் வாய் திறக்கவில்லை. ஆண்டு விழாத் தேதியைக் கேட்டால்கூட, "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்றுதான் பதில் வந்தது. தவறாகப் பேசியவரைச் சபையில் அடித்தால் சரியாகப் பேசுகிறவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் நஷ்டம் அந்த ஒருவருக்கு மட்டுமல்ல, தெரிந்துகொள்ள உரிமை உள்ள எல்லோருக்கும்தான்.

அதிகாரிகள் வாய் மூடினால், அல்லது வேண்டுமென்றே மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் உதாரணம் உண்டு.

மாற்றிச் சொன்னது 1971 ஜூலையில். அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கர் ஆசியப் பயணம் வந்தார். டெல்லிக்கும் வந்தார். இங்கிருந்து ராவல்பிண்டி போனார். அங்கே அவருக்கு வயிறு சரியில்லை, நத்தியாகலி என்ற மலை ஊரில் ஓய்வெடுக்கிறார் என்று பத்திரிகையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர் ஓய்வெடுக்கவில்லை. ரகசியமாக விமானம் ஏறிப் பெய்ஜிங் போய், சூ என்லாயைச் சந்தித்துவிட்டுத் திரும்பினார். ஜூலை 15 அன்று நிக்சன் தொலைக்காட்சியில் தான் சீனா போகப் போவதாக அறிவித்தபோதுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. சில நாள் முன்பு தன் வீட்டில் விருந்து சாப்பிட்டவர் எங்கே போகிறார் என்று டெல்லிக்கும் தெரியாது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 9 அன்று, இந்தியா சோவியத் யூனியனோடு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. கிஸ்ஸிங்கர் ரகசியம் காத்தார், காரியத்தையும் சாதித்தார். ஆனால் அவருடைய வயிற்று வலியை அப்புறம் யார் நம்புவார்கள்?

சொல்லாமலே போனது 2015 டிசம்பர் 25. பிரதமர் மோடி காபூலில் இருந்தார். அங்கிருந்து ட்விட்டரில் ஒரு வரி போட்டுவிட்டு, லாகூரில் இறங்கி, நவாஸ் ஷெரீஃபின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு டெல்லி திரும்பினார். அதற்கு முன்பு பத்திரிகையாளர்களுக்கு எந்த விளக்கமும் இல்லை. முன்கூட்டிச் சொன்னதற்காக ஒரு செயலாளர் பதவி இழந்த அதே பாகிஸ்தான் பயணம், 28 வருடம் கழித்து, போகிறவரே கைபேசியில் சொல்லும் செய்தி ஆனது. இரவல் சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது இருபக்கமும் தனித்தனியாகப் பேசினால் என்ன ஆகும் என்பதை 2001 ஜூலையில் ஆக்ராவில் பார்த்தோம். வாஜ்பாயும் முஷாரஃபும் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் பேச்சு பற்றி நம் அமைச்சர் சுஷ்மா சுவராஜ் நிருபர்களிடம் பட்டியல் சொன்னார். அதில் காஷ்மீர் இல்லை என்று பாகிஸ்தான் தரப்பு கோபப்பட்டது. மறுநாள் காலை முஷாரஃப் நம் பத்திரிகை ஆசிரியர்களோடு சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டே பேசியது தொலைக்காட்சியில் வந்துவிட்டது. அன்று இரவு உடன்பாடு இல்லாமலே மாநாடு முடிந்தது. அதை அறிவிக்கும் பொறுப்பு செய்தித் தொடர்பாளர் நிருபமா ராவுக்கு வந்தது. கையெழுத்தாகாததற்கு எத்தனையோ ஆழமான காரணங்கள் இருந்தன. ஆனால் மூடிய அறையில் இருக்க வேண்டிய சொல் இரண்டு பக்கமும் வாசலுக்கு வந்துவிட்டதும் அதில் சேர்த்தி.

இதெல்லாம் எங்கோ டெல்லியில், ஆக்ராவில் என்று நினைக்க வேண்டாம். நம் மாமல்லபுரத்திலேயே பார்த்தோம். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தார். பல நாட்களுக்கு முன்பே அர்ஜுனன் தபசைச் சுற்றிப் புல் வெட்டினார்கள், விளக்கு போட்டார்கள், ரோட்டுக்குத் தார் ஊற்றினார்கள். ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் இரண்டு அரசுகளும் முறைப்படி அறிவித்தது அக்டோபர் 9 அன்றுதான், வருவதற்கு இரண்டே நாள் முன்பு. அந்த நேரத்தில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் பெய்ஜிங்கில் இருந்தார். காஷ்மீர் பற்றி அங்கே வந்த பேச்சுக்கு நம் வெளியுறவு அமைச்சகம் மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சூழலில் ஒரு அதிகாரி ஒரு வாரம் முன்பே "நிச்சயம் வருகிறார்" என்று சொல்லியிருந்தால்? நம் ஊர் ரோடும் மக்கள் தொடர்பு அலுவலரும் கதைதான் அங்கேயும். சந்திப்பு முடிந்த பிறகு வெளியுறவுச் செயலாளர் விஜய் கோகலே நிருபர்கள் முன் வந்து, என்ன பேசப்பட்டது, எது பேசப்படவில்லை என்று சொன்னார். காஷ்மீர் பேச்சு எழவில்லை என்பதையும் நேராகச் சொன்னார்.

இப்போது பிரதமரின் வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்பு இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வெளியுறவுச் செயலாளரோ அந்தப் பகுதிக்குப் பொறுப்பான செயலாளரோ நிருபர்களைச் சந்திப்பார். தேதி, நிகழ்ச்சி நிரல், உடன் செல்பவர்கள், வர்த்தக நிலவரம் எல்லாம் சொல்வார். கையெழுத்தாகப் போகும் ஒப்பந்தம் பற்றிக் கேட்டால், "அது இன்னும் இறுதியாகவில்லை, முன்கூட்டிச் சொல்ல விரும்பவில்லை" என்பார். சர்ச்சையான விஷயம் பேசப்படுமா என்றால், "இரு தரப்புக்கும் முக்கியமான எல்லா விஷயங்களும் பேசப்படும்" என்பார். பேசியது முழுவதும் எழுத்தில் அமைச்சகத்தின் தளத்தில் வந்துவிடும். பெயர் சொல்லாமல் பேசுவது தனி. அதுதான் மறுநாள் "அரசு வட்டாரங்கள் தெரிவித்தன" என்று வரும்.

இந்தப் பதில்களைக் கேட்டு நமக்குச் சலிப்பு வருகிறது. மழுப்புகிறார்கள் என்கிறோம். ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். நம் மாவட்டத்தில் பிறந்த காமராஜர் எந்தக் கோரிக்கைக்கும் என்ன பதில் சொல்வார் என்று உலகத்துக்கே தெரியும்: "ஆகட்டும், பார்க்கலாம்." அதை யாரும் மழுப்பல் என்று சொல்லவில்லை. ஏன்? கொடுக்க முடியாததைக் கொடுப்பதாக அவர் சொல்லவில்லை. மறுத்து மனதை முறிக்கவும் இல்லை. பிறகு உண்மையாகவே போய்ப் பார்த்தார். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் பள்ளிக்கூடங்களும் அணைகளும் எழுந்ததால் அது வாக்கு ஆனது. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பார்க்காமலே இருப்பவர் சொன்னால்தான் அது மழுப்பல்.

முடிவாக எனக்குத் தோன்றுவது இதுதான். வருகைக்கு முன்பு பேசும் அதிகாரியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது மூன்று. முடிவானதை முடிவானது என்று சொல்ல வேண்டும். முடிவாகாததை முடிவாகவில்லை என்று சொல்ல வேண்டும். வயிற்று வலி என்று பொய் சொல்லக் கூடாது. அவருக்கு மேலே இருப்பவரிடம் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. சொல்லை இரவல் கொடுத்தவர், அதில் பிழை வந்தால் அறைக்குள் திருத்த வேண்டும். சபையில் பிடுங்கக் கூடாது. இரவல் கொடுத்தவருக்கும் மரியாதை இருக்கிறது, வாங்கியவருக்கும் இருக்கிறது.

வாசிக்கிற நமக்கும் ஒரு வேலை உண்டு. பழைய வாத்தியார் புத்தி, வினைமுற்றைப் பார்க்கச் சொல்கிறேன். "வருகிறார்" என்றால் தேதி முடிவாகிவிட்டது. "வரவிருக்கிறார்" என்றால் முடிவு ஆகிவிட்டது, தேதி நகரலாம். "வரக்கூடும்" என்றால் கேட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. "வருவதாகக் கூறப்படுகிறது" என்றால் சொன்னவர் தன் பெயரைச் சொல்லத் தயாரில்லை. நம் தமிழில் ஒரு விகுதிக்குள் இவ்வளவு விஷயம் இருக்கிறது. வாட்சப்பில் வரும் செய்தியை அடுத்த குழுவுக்கு அனுப்பும் முன்பு அந்தக் கடைசி எழுத்துகளை ஒருமுறை பாருங்கள். சொன்னது யார், யாருடைய சொல்லைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

1987 ஜனவரிச் செய்தித்தாள்களைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள். அரசுப் பணியில் இருந்தவர்கள், பெயர் சொல்லாமல், உங்கள் அனுபவத்தையும் எழுதலாம். என் பழைய மாணவர்களில் சிலர் இப்போது நிருபர்களாகவும் அதிகாரிகளாகவும் இருக்கிறீர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.